அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

1967இல் எனக்கு 16 வயது. கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் அப்பா கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கல்லூரிக்குப் போகிற வழியில் சைக்கிளைக் கடையோரம் சாத்திவிட்டு, அன்றைய பேப்பரை அரைமணி நேரம் உரக்கப் படித்துவிட்டுப் போக வேண்டும். அப்பா எனக்கு வைத்த வேலை அது.

கேட்க ஐந்தாறு பேர் இருப்பார்கள். நாச்சியார்கோயிலிலிருந்து குத்துவிளக்கு கொண்டுவரும் வார்ப்புக்காரர்கள், கடையில் எடைபோடுகிறவர், பக்கத்து வெற்றிலை மண்டித் தரகர். அப்போது செம்பும் துத்தநாகமும் கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பலில் வரவேண்டிய சரக்கு. இறக்குமதிக்கு லைசென்ஸ், பங்கீட்டுக்குக் கோட்டா. பழைய அண்டாவையும் தவலையையும் உருக்கித்தான் பல உலைகள் எரிந்தன. அதனால் யார் வந்து திண்ணையில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "செம்பப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா தம்பி?"

நான் டெல்லிச் செய்தியிலிருந்து தொடங்குவேன். மக்களவையில் எங்கள் தொகுதி உறுப்பினர் பேசியது வந்திருந்தால், அப்பா பேரேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்பார். ஒருநாள் வயதான வார்ப்புக்காரர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. எல்லா எம்.பி.க்களையும் சேர்த்துச் சொன்னார்: "டெல்லியில பேசிக்கிட்டே இருந்தா இங்க நம்ம உலையில செம்பு உருகிடுமா?"

"பேசாட்டி செம்பே வராது அண்ணே. லைசென்ஸு அங்கதானே எழுதறான்? நம்ம ஊர் பேரச் சொல்ல அங்க ஒருத்தர் வேணாமா?" என்றார் அப்பா.

அந்த ஒருத்தர் இரா. செழியன். நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. 1962இல் பெரம்பலூரிலிருந்தும், 1967இலும் 1971இலும் எங்கள் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குப் போனவர். 1962இல் தி.மு.க.வுக்கு மக்களவையில் கிடைத்தவை ஏழே இடங்கள். மாநிலங்களவையில் அண்ணா இருந்தார். எண்ணிக்கையை நம்பி இவர்களால் ஒரு தீர்மானத்தைக்கூட நகர்த்த முடியாது. கையில் இருந்தது பேச்சு மட்டுமே. அதனால்தானோ என்னவோ, அந்தத் தலைமுறை பேச்சுக்கு அவ்வளவு உழைத்தது.

அப்பா அடிக்கடி எடுத்துக்காட்டுவது தமிழ்நாடு பெயர் மசோதாவை. அதைக் கொண்டுவந்தவர் தமிழர் அல்லர், வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா போட்டார். 1963இல் அதை ஆதரித்து அண்ணா பேசினார். தமிழ்நாடு என்ற பெயர் புதிதாகப் புனைந்ததன்று என்று சங்க இலக்கியத்திலிருந்தும் சிலப்பதிகாரத்திலிருந்தும் சான்று காட்டினார். பெயரை மாற்றி என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டவர்களிடம், பார்லிமென்ட்டை லோக்சபா என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் அழைப்பதில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. அதே பெயருக்காக 1956இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் உயிருக்கும் அதுவரை பதில் கிடைத்திருக்கவில்லை. ஆனால் 1967 ஜூலை 18இல் அண்ணாவே முதலமைச்சராக நின்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் சட்டமியற்றி, 1969 பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. "தோத்த பேச்சுன்னு ஒண்ணு கெடையாதுடா, அது குறிப்புல இருக்கு" என்பார் அப்பா. கணக்குப்பிள்ளைக்குக் குறிப்பில் ஏறியது எதுவும் வீணாகாது என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடுதான் நானும் தணிக்கைத் துறைக்கு வேலைக்குப் போனேன். 1972, சென்னை. மத்திய அரசுக் கணக்கு, ரயில்வே பக்கம். வவுச்சர் கட்டுகளுக்கும் தூசிக்கும் நடுவில் உட்கார்ந்து கேள்வி எழுதும் வேலை. எங்கள் கேள்விக்கு ஹாஃப் மார்ஜின் என்று பெயர். தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, ஒரு பாதியில் நாங்கள் கேட்க வேண்டும். மறுபாதி பதிலுக்காகக் காலியாக இருக்கும். அந்த வெற்றுப் பாதியைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில் ஒரு டிப்போவுக்கு அனுப்பினார்கள். பாதையில் போட வாங்கிய ஸ்லீப்பர் கட்டைகள் வேலியோரம் அடுக்கிக் கிடந்தன. மேல் வரிசைக் கட்டைகளில் புல் முளைத்திருந்தது. நடுவில் ஒரு கட்டையை விரலால் அழுத்தினேன், நகம் உள்ளே போயிற்று. வாங்கிய தேதி, எண்ணிக்கை, விலை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து ஒன்பது வரியில் ஹாஃப் மார்ஜின் எழுதினேன். எங்கள் பிரிவு மேலதிகாரி படித்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார். "இது எங்க போகுதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஹாஃப் மார்ஜினுக்குச் சரியான பதில் வராவிட்டால் அது ஆய்வறிக்கையில் ஏறும். அதிலும் தேறினால் டிராஃப்ட் பாரா ஆகும். பல கை மாறி, பல வடிகட்டல் தாண்டி, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையில் ஒரு பத்தியாக நாடாளுமன்றத்தின் மேசைக்குப் போகும். அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்கு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், ஆக 22 உறுப்பினர்கள். அமைச்சர்களுக்கு அதில் இடமில்லை. துறைச் செயலாளர்களும் ரயில்வே வாரியத்தின் தலைவரும் அவர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கட்சி பார்க்காமல் கேள்வி கேட்கிற இடம் என்று அதற்குப் பெயர். 1971 முதல் 1973 வரை அந்தக் குழுவின் தலைவர் செழியன்.

"உங்க ஊர்க்காரர்தானேப்பா அங்க தலைமாட்டுல உக்காந்திருக்கார்? அவர் கேக்கற மாதிரி எழுதிக் குடு" என்றார் மேலதிகாரி. அன்றைக்கு அந்த ஒன்பது வரியை ஆறு முறை திருத்தி எழுதினேன். என் கட்டைகள் டெல்லிவரை போகவில்லை. டிராஃப்ட் பாராவிலேயே நின்றுபோயின. ஆனால் அதற்குப் பிறகு பணியில் இருந்த அத்தனை வருடமும், மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் எங்கள் ஊர் உறுப்பினர் உட்கார்ந்து படிக்கிறார் என்று எண்ணிக்கொண்டே எழுதினேன். ஒரு கடைநிலை எழுத்தருக்கு நாடாளுமன்றம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

கன்னிமாரா நூலகத்துக்குப் போகும் பழக்கம் அப்போதுதான் வந்தது. மக்களவை விவாதத் தொகுதிகள், கனமான பைண்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு ஒரு எண். யார் எழுந்தார், யார் உட்கார்ந்தார், எங்கே கூச்சல் எழுந்தது என்பதுவரை பதிவாகியிருக்கும். ஒவ்வொரு உறுப்பினரின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அவருடைய தொகுதிப் பெயர் வரும். முதன்முதலில் "ஸ்ரீ செழியன் (கும்பகோணம்)" என்று அச்சில் கண்ட நாள் எனக்கு மறக்காது. ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் அது எங்கள் ஊர். மகாமகக் குளமும், காவிரிக் கரையில் நான் படித்த கல்லூரியும், அப்பாவின் கடைத் திண்ணையும் அந்த இரண்டு வளைவுகளுக்குள் இருந்தன. மேலே ஒரு பீகார் ஊர், கீழே ஒரு கேரளத்து ஊர், நடுவில் நாங்கள். தேசம் ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் ஊரும் கூட உட்கார்ந்து யோசித்தது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி நான் கண்டதில்லை.

மொழி, மத்திய மாநில உறவு, நிதி, அவை விதிகள் என்று அவர் பேசியவை பெரிய விஷயங்கள். உள்ளூர்க் காரியத்துக்கும் அங்கே வழி இருந்தது. அந்த வழியை அந்தத் தொகுதிகளைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். மானியக் கோரிக்கை விவாதத்தின்போது பக்கம் பக்கமாக வெட்டுத் தீர்மானங்கள் அச்சாகியிருக்கும். அவற்றில் அடையாள வெட்டு என்று ஒரு வகை உண்டு. இந்தத் துறைக்குக் கேட்கும் தொகையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தீர்மானம் கொடுப்பார். கீழே காரணம் இருக்கும்: இன்ன நிலையத்தில் நடைமேடைக்குக் கூரை இல்லை, இன்ன ஆற்றுக்குப் பாலம் வேண்டும், இன்ன ஊரில் தபால் நிலையம் வேண்டும். கோடிக்கணக்கான தொகையில் 100 ரூபாய் குறைந்தால் அரசுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த 100 ரூபாயைச் சாக்காக வைத்து ஒரு சிற்றூரின் நடைமேடை நாடாளுமன்றத்துக்குள் வந்துவிடும். எனக்கு அந்த ஏற்பாட்டின்மேல் இன்றைக்கும் தீராத மரியாதை. சின்ன ஊரின் குறைக்கும் பெரிய அவையின் அதிகாரத்துக்கும் நடுவில் யாரோ யோசித்துக் கட்டிய படிக்கட்டு அது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவித்தார்கள். ஜூலை 21இல் நாடாளுமன்றம் கூடியபோது, அரசின் அவசர அலுவல் மட்டுமே நடக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். கேள்வி நேரம் கிடையாது. தனிநபர் மசோதா கிடையாது. கவன ஈர்ப்பு கிடையாது. பேச்சாவது வெளியே வந்ததா என்றால், அதற்கும் தணிக்கை. அவையில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்புக் கொடுத்த சட்டம் ஒன்று 1956 முதல் இருந்தது. பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியது. அவருடைய மனைவி பிரதமராக இருந்த அரசு 1975 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு அதை நீக்கியது. அடுத்த மாதக் கடைசியில், 1976 ஜனவரி 31இல், தமிழ்நாட்டின் தி.மு.க. அரசும் கலைக்கப்பட்டது.

அந்தக் கோடையில் அப்பாவிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. வீட்டு விஷயம், அம்மாவின் மூட்டுவலி, மழை எல்லாம் எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்: பேப்பரில் செழியன் பேசியதாக ஒரு வரிகூடக் காணோம், அவருக்கு உடம்புக்கு ஏதுமா, விசாரித்து எழுது.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்திரிகையில் பெயர் வராததால் ஆளுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். தபாலில் என்னத்தை எழுதுவது என்று அஞ்சி, அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று மட்டும் பதில் போட்டேன். அச்சுத் தொகுதிகள் நூலகத்துக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். ஆட்சி மாறியபிறகு 1977 கடைசியில் போய்ப் புரட்டினேன். அவர் பேசியிருந்தார். நெருக்கடி நிலையை அவைக்குள் நின்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பத்திரிகை விழுங்கிய மாதங்களில்கூட, சுருக்கெழுத்தர்கள் ஒரு சொல் விடாமல் எழுதிவைத்திருந்தார்கள். அடைப்புக்குறிக்குள் எங்கள் ஊரும் இருந்தது. இரண்டு பக்கத்தை நோட்டில் கைப்பட எழுதி, தமிழில் சொல்லிக் காட்டுவதற்காக ஊருக்கு எடுத்துப் போனேன். திண்ணையில் அப்பாவும் வெற்றிலைத் தரகரும் மட்டும்தான் இருந்தார்கள். வார்ப்புக்காரர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அதே 1977இல் தொகுதி வரையறை மாறி, கும்பகோணம் என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே இல்லாமல் போயிற்று. இப்போது நாங்கள் மயிலாடுதுறைத் தொகுதிக்குள் ஒரு சட்டமன்றப் பகுதி. அந்த அடைப்புக்குறிக்குள் எங்கள் ஊர் பெயர் இனி வராது.

செழியன் 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். அதன்பிறகு அவர் எந்த அவையிலும் இல்லை. ஆனால் அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படும் இரண்டு காரியங்களை அதற்கு அப்புறம்தான் செய்தார்.

நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்த நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம் 1978இல் மூன்று அறிக்கைகள் கொடுத்தது. 1980இல் ஆட்சி மாறியபின் அவற்றின் பிரதிகள் கண்ணில் படுவதே அபூர்வமாயிற்று. திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள் என்று பரவலாகப் பேசிக்கொண்டார்கள். செழியன் தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு மூன்றையும் ஒரே நூலாகத் தொகுத்து 2010இல் வெளிக்கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 87. ஆங்கிலத் தலைப்பிலேயே, தொலைந்ததும் மீண்டதும் என்ற பொருள் வரும். அந்தப் புத்தகத்தை வாங்கி வந்த அன்று அப்பாவின் இன்லண்ட் கடிதத்தை அதற்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, எம்.பி. நிதியைப் பற்றி அவர் எழுதிய நூல். அதை நான் அப்போது முழுமனதாக ஏற்கவில்லை. இப்போது ஒவ்வொரு பக்கமும் சுடுகிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பர் 23இல் வந்தது. முதல் வருடம் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய். அடுத்த வருடமே 1 கோடி. 1998இல் 2 கோடி, 2011இல் 5 கோடி. பணம் உறுப்பினர் கைக்கு வராது. வேலையை அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதித்துச் செய்விப்பார். பள்ளிக்கு வகுப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, சமுதாயக் கூடம், பேருந்து நிழற்குடை. செழியன் இந்தத் திட்டமே வேண்டாம் என்றார். அரசு செய்யும் செலவைக் கேள்வி கேட்பதற்காக மக்கள் ஒருவரை அனுப்புகிறார்கள். அவரையே செலவு செய்கிறவராக்கிவிட்டால் கேள்வி கேட்பது யார் என்பது அவர் வாதத்தின் சாரம். பொதுக் கணக்குக் குழுவில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். உச்ச நீதிமன்றம் 2010இல் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டப்படி அது சரி. எனக்கு உறுத்துவது வேறு. அன்றைக்கு எங்கள் ஊரின் பெயர் உறுப்பினரின் பேச்சோடு சேர்ந்து டெல்லியில் அச்சாயிற்று. இன்றைக்கு உறுப்பினரின் பெயர் எங்கள் ஊரின் சுவரில் எழுதியிருக்கிறது.

குறையை ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் கேட்பதும் மாறிவிட்டது. சில வருடங்களுக்கு முன், பேரனுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் இடம் வாங்க ஒரு எம்.பி. அலுவலகத்துக்கு நானும் போயிருக்கிறேன். அப்போது ஒவ்வொரு எம்.பி.க்கும் வருடத்துக்குப் பத்து இடம் சிபாரிசு செய்யும் கோட்டா இருந்தது. 2022இல்தான் எடுத்தார்கள். வராந்தாவில் என்னோடு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. 38 வருடம் தணிக்கையில் இருந்த நானும் கேட்கவில்லை. அது இன்னும் மனதில் தைக்கிறது.

பேசுகிறவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. திருச்சி சிவா 2014இல் கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24இல் ஏற்றுக்கொண்டது. ஒரு தனிநபர் மசோதாவை ஓர் அவை நிறைவேற்றிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அன்று இரவு செய்தியைக் கேட்டதும் எனக்கு அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் இறந்து அப்போது 27 வருடம். ஆனால் பேசுவதற்கு இடமும் நேரமும் சுருங்கிவிட்டன. முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆம் மக்களவை முழு ஐந்தாண்டில் கூடியது 274 நாள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும்; பேசி ஒருவர் மனதை மாற்றினாலும் அவர் கையை மாற்ற முடியாது. வெட்டுத் தீர்மானம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறுகின்றன. ரயில்வேக்கென்று தனி பட்ஜெட்டும் 2017 முதல் இல்லை. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்தார்கள். பேப்பரில் அதைப் படித்தபோது, 1975 ஜூலையில் வந்த அதே பயம் என் வயிற்றில் வந்தது. காரணம் வேறு என்று புத்திக்குத் தெரிந்தும் வந்தது.

போன தை மாதம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக மெயின் லைன் ஓரமாக ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ரயிலடிப் பக்கம் நடந்தேன். சாலையோரம் ஒரு நிழற்குடை. எம்.பி. நிதியில் கட்டியது. சிமென்ட் தூண்கள் நான்கு, தகரக் கூரை, கிரானைட் பதித்த பெஞ்சு. முகப்பு முழுக்க உறுப்பினரின் பெயர், திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை. பழக்கதோஷத்தில் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெஞ்சில் ஒரு பெரியம்மா வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கூடைமேல் ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "எதுக்கு தம்பி அளக்கறீங்க? இன்னொண்ணு கட்டப் போறாங்களா?"

"இல்லம்மா, சும்மா பாத்தேன். நல்லாக் கட்டியிருக்காங்க."

"நல்லாத்தான் இருக்கு. வெயிலு படல. ரயிலுதான் நிக்க மாட்டேங்குது."

காலை பாசஞ்சரில் கும்பகோணம் போய் வெற்றிலை விற்றுவிட்டு மத்தியான வண்டியில் திரும்பிவருவாராம், முப்பது வருடமாக. கொரோனாவில் நின்றுபோன வண்டி திரும்ப ஓடத் தொடங்கியபோது இந்த ஊர் நிறுத்தம் எடுபட்டுவிட்டது. இப்போது ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார். போக வர 60 ரூபாய். கூடைக்குத் தனியாக 20. பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்தது. நிழற்குடையின் தகரம் அதிர்ந்தது. அவர் சாக்கின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். வண்டி நிற்காமல் போயிற்று. கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்துவிட்டு, "முந்தியெல்லாம் கார்டு தம்பி கையாட்டுவாரு" என்றார்.

நிழற்குடை கட்ட ஆட்சியர் கையெழுத்துப் போதும். ஒரு ரயிலை இரண்டு நிமிடம் நிறுத்த டெல்லியில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். அவர் கேட்பதற்கு வழி இன்னும் இருக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதுவும் குறிப்பில் ஏறும். இரண்டுக்கும் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விதி 377இன் கீழ் ஊர்ப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்களே எழுதிக் குடுங்களேன்" என்றார். சட்டைப்பையில் பேனா இருந்தது. தாளுக்கு, காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கம். நெடுக்கில் மடித்தேன், கை தானாக மடித்தது. ஒரு பாதியில் எழுதினேன். ஐயா, எங்களுக்கு இந்த வருடம் நிதியிலிருந்து ஒன்றும் வேண்டாம். இந்த நிலையத்தில் காலை, மத்தியானம் இரண்டு பாசஞ்சர் வண்டிகளை ஏன் நிறுத்துவதில்லை என்று அவையில் அமைச்சரைக் கேளுங்கள். வெற்றிலை, பூ, கீரை கொண்டுபோகும் பெண்கள் இந்த ஊரில் இத்தனை பேர். எண்ணிக்கையை அவர்தான் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். தெருவாரியாகப் பெயர் சொல்லி எண்ணினார். பதினேழு பேர்.

கையெழுத்துப் போடத் தெரியும் என்றார். மெதுவாகப் போட்டார். பிறகு தாளைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஊரு பேரு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"சின்னதா இருக்கே. அதப் பெருசா எழுதுங்க தம்பி."

மேலே இடம் இருந்தது. இன்னொரு முறை, பெரிய எழுத்தில் எழுதினேன்.